ஆதியாகமமும் அறிவியல் வகுப்பும்

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த பெற்றோர் – இளைஞர் கருத்தரங்கில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கருத்தரங்கில் எதைப் பற்றிப் பேசலாம் என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். உங்களில் பலர் என்னிடம் அடிக்கடி கேட்டுவரும் ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்வோம் என்றேன். கேள்வி இதுதான்: “சாமி, பள்ளிக்கூடத்தில் மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஞானோபதேச வகுப்பில் கடவுள் மனிதனைப் படைத்தார் என்று சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளை எதை நம்பும்? விஞ்ஞான வகுப்பில் பரிணாமத்தைச் சொல்லும்போதே, கூடப் படைப்பையும் ஒரு பாடமாக வைத்தால் என்ன? நம் பள்ளிக்கூடத்திலாவது அப்படிச் செய்யலாமே!”

இப்படிக் கேட்பவர்கள் விசுவாசத்தில் அக்கறை உள்ளவர்கள். பிள்ளைகளின் ஆன்மாவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள். ஆகவே இதற்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். படைப்பு என்னும் சத்தியம் நமக்குப் பெரியது என்பதனாலேயே வேண்டாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கவே இந்த உரை.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த கேள்வியன்று. இன்று உங்கள் கைப்பேசிகளுக்கு வரும் காணொளிகளில் பல, அமெரிக்க நாட்டில் நூறாண்டுகளாக நடந்துவரும் ஒரு விவாதத்திலிருந்து புறப்பட்டவை. அந்த விவாதத்தில் கத்தோலிக்கர்கள் எங்கே நின்றார்கள் என்பதை அந்தக் காணொளிகள் சொல்வதில்லை. ஆகவே அந்தக் கதையை முதலில் பார்ப்போம்.

அமெரிக்காவில் நடந்தது

சார்லஸ் டார்வின் தமது நூலை 1859-இல் வெளியிட்டார். உயிரினங்கள் நெடுங்காலப் போக்கில் மாறிவந்தன, ஒன்றுக்கொன்று உறவுடையவை என்பது அவர் கருத்து. இன்றைய குரங்கு நமக்குப் பாட்டன் என்று விஞ்ஞானம் சொல்லவில்லை என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். மனிதனுக்கும் மனிதக் குரங்குகளுக்கும் தொல்பழங்காலத்தில் பொதுவான மூதாதை இருந்தது என்றே அது சொல்கிறது.

1925-ஆம் ஆண்டு டென்னசி மாநிலம், மனிதன் கீழான விலங்கிலிருந்து வந்தான் என்று அரசுப் பள்ளிகளில் கற்பிப்பதைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அதே ஆண்டு ஜூலையில் டேட்டன் என்ற சிற்றூரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர்மேல் வழக்கு நடந்தது. அவருக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1927-இல் மேல்நீதிமன்றம் ஒரு சட்ட நுணுக்கத்தைக் காட்டி அத்தீர்ப்பை நீக்கியது. ஆனால் சட்டம் 1967 வரை நீடித்தது.

அந்த வழக்கில் பரிணாமத்தை எதிர்த்து வாதாடியவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். மூன்று முறை குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றவர். அவரை ஏளனம் செய்வது பலருக்கு வழக்கம். ஆனால் அவருடைய கவலை முழுவதும் வீண் கவலை அன்று. வலியவன் வாழ்வான், மெலியவன் மடிவான் என்பதை மனித சமுதாயத்துக்கும் சட்டமாக்கிவிடுவார்களோ என்று அவர் அஞ்சினார். டேட்டனில் அன்று பயன்பட்ட உயிரியல் பாடநூலில், மனித இனத்தைப் ‘பொறுக்கி எடுத்து’ வளர்க்க வேண்டும் என்னும் கொடிய கருத்தும் கலந்திருந்தது உண்மையே. விஞ்ஞானம் தன் எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

1968-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், பரிணாமத்தைக் கற்பிக்கக் கூடாது என்னும் இவ்வகைத் தடைச் சட்டங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்பது அந்நாட்டு அரசியல் சாசனத்தின் விதி. தடைசெய்ய முடியாது என்றானபின், கோரிக்கை உருமாறியது. ‘பரிணாமத்தைச் சொல்லுங்கள், ஆனால் படைப்பையும் ஒரு விஞ்ஞானமாகச் சம அளவில் சொல்லுங்கள்’ என்றார்கள். ‘படைப்பு விஞ்ஞானம்’ என்ற பெயர் பரவியது. உங்களில் பலர் என்னிடம் கேட்பதும் ஏறக்குறைய இதையே.

ஆயர்கள் தொடுத்த வழக்கு

1981 மார்ச் மாதம் ஆர்க்கன்சா மாநிலம் அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. பரிணாமத்தைக் கற்பிக்கும் பள்ளிகள் ‘படைப்பு விஞ்ஞானத்துக்கும்’ சமநிலை தரவேண்டும் என்பது சட்டம். படைப்பு விஞ்ஞானம் என்றால் என்ன என்பதையும் சட்டமே வரையறுத்தது: பிரபஞ்சம் இன்மையிலிருந்து திடீரெனத் தோன்றியது, மனிதனுக்கும் குரங்குக்கும் வெவ்வேறு மூதாதையர், பூமியின் பாறை அடுக்குகளுக்கு உலகளாவிய வெள்ளமும் காரணம், பூமி அண்மைக் காலத்தில் தோன்றியது. சட்டத்தைக் கொண்டுவந்தவர் மாநிலக் கல்வித் துறையையோ விஞ்ஞானிகளையோ கலந்து பேசவில்லை என்று பின்னர் தீர்ப்பில் பதிவாயிற்று.

இச்சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்கள் யார்? நாத்திகர்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. ஆர்க்கன்சாவில் இருந்த மெதடிஸ்டு சபை ஆயர், எப்பிஸ்கோப்பல் சபை ஆயர், ஆப்பிரிக்க மெதடிஸ்டு சபை ஆயர், பிரஸ்பிட்டேரியன் சபைத் தலைவர், இவர்களோடு நம் கத்தோலிக்க ஆயரும் வழக்காளிகளாகக் கையெழுத்திட்டார்கள். ‘படைப்பைக் கற்பியுங்கள்’ என்ற சட்டத்தை எதிர்த்து ஆயர்கள் நீதிமன்றம் சென்றார்கள்! அதுமட்டுமன்று. அவர்கள் பக்கம் சாட்சி சொன்னவர்களில் புரூஸ் வாட்டர் என்ற கத்தோலிக்கக் குரு ஒருவர். ஆதியாகமத்துக்கு விரிவுரை எழுதிய வேதாகம அறிஞர்.

சட்டத்துக்கு ஆதரவாக அரசுத் தரப்பில் வந்த சாட்சிகளுள் ஒருவர், கொழும்பில் பிறந்து பிரிட்டனில் பேராசிரியராக இருந்த வானியல் அறிஞர் சந்திரா விக்கிரமசிங்க. அவர் பரிணாமக் கொள்கையைக் குறை கூறினார். ஆனால் பூமியின் வயது பத்து லட்சம் ஆண்டுக்கும் குறைவு என்று நம்பத்தக்க விஞ்ஞானி உண்டா என்று கேட்டபோது, பகுத்தறிவுள்ள எந்த விஞ்ஞானியும் அப்படி நம்பமாட்டார் என்று அவரே ஒப்புக்கொண்டார். இன்றைய கணக்குப்படி பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு.

1982 ஜனவரி 5-ஆம் நாள் நீதிபதி வில்லியம் ஓவர்ட்டன் சட்டத்தை ரத்து செய்தார். அரசு மேல்முறையீடு செய்யவில்லை. லூசியானா மாநிலத்தின் இதேபோன்ற சட்டம் 1987-இல் உச்சநீதிமன்றத்தில் விழுந்தது. ஏழு நீதிபதிகள் எதிராக, இருவர் ஆதரவாக. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பிரென்னன். மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் ஸ்காலியா. இருவருமே கத்தோலிக்கர்கள்! சட்டத்தை எப்படிப் பொருள் கொள்வது என்பதில் நல்ல கத்தோலிக்கர்களும் மாறுபடலாம் என்பதற்கு இது சான்று.

2004-இல் பென்சில்வேனியாவின் டோவர் என்ற ஊரில் பள்ளி நிர்வாகக் குழு வேறொரு வழி கண்டது. ‘படைப்பு’ என்ற சொல்லை விட்டு, ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற கருத்தை மாணவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்றது. பழமொழி சொல்வதுபோல் மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. ஆசிரியர்கள் பாடு அப்படியாயிற்று. ஆயினும் அங்கிருந்த உயிரியல் ஆசிரியர்கள் அந்த அறிக்கையை வகுப்பில் வாசிக்க மறுத்தார்கள். உண்மையல்ல என்று தமக்குத் தெரிந்ததை மாணவரிடம் சொல்வது தம் தொழில் தர்மத்துக்கு விரோதம் என்றார்கள். நிர்வாகிகளே வந்து வாசித்தார்கள். பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடுத்தார்கள்.

அங்கும் இரு பக்கமும் கத்தோலிக்கர்களைக் காண்கிறோம். பெற்றோர் தரப்பில் முதல் சாட்சி கென்னத் மில்லர், திருப்பலிக்குப் போகும் உயிரியல் பேராசிரியர். அவரோடு ஜான் ஹாட் என்ற கத்தோலிக்க வேதசாஸ்திரி. நிர்வாகத் தரப்பில் மைக்கேல் பீஹி என்ற கத்தோலிக்க உயிர்வேதியியல் பேராசிரியர். விஞ்ஞானம் என்ற சொல்லுக்கு அவர் தந்த விரிந்த விளக்கத்தைக் கேட்ட வழக்கறிஞர், அந்த விளக்கப்படி சோதிடமும் விஞ்ஞானக் கொள்கை ஆகுமா என்று கேட்டார். ஆகும் என்றார் பேராசிரியர். சகோதரரே, வேலி எவ்வளவு அகலத் திறந்தால் எதெல்லாம் உள்ளே வரும் என்பதை எண்ணிப் பாருங்கள். படைப்பை விஞ்ஞானம் என்று நாம் உள்ளே கொண்டுபோனால், அதே வழியாக நாளை ஜாதகமும் கைரேகையும் வந்து உட்காரும். அப்போது நாம் எந்த முகத்தோடு தடுப்பது? 2005 டிசம்பர் 20-இல் நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது.

ஏன் அருகருகே வைக்கக் கூடாது?

நீதிமன்றங்கள் சட்டத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவை. விசுவாசிகளாகிய நமக்கு அதைவிட ஆழமான காரணங்கள் உண்டு. மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது: கடவுள் சிறுத்துப்போகிறார். ஆர்க்கன்சா சட்டத்தைக் காப்பாற்ற, அரசுத் தரப்பு என்ன வாதாடியது தெரியுமா? இன்மையிலிருந்து படைத்தல் என்று சொன்னாலும், அது மதம் சொல்லும் கடவுளைக் குறிக்க வேண்டியதில்லை என்றது! கடவுளை வகுப்பறைக்குள் கொண்டுபோக, அவர் பெயரை வாசலில் கழற்றி வைக்க வேண்டியதாயிற்று. நாம் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடும் சிருஷ்டிகர் யார்? இயேசு கிறிஸ்துவின் தந்தை. நம்மை மீட்பவரும் படைத்தவரும் ஒருவரே. படைத்த கடவுள் வேறு, மீட்கும் கடவுள் வேறு என்று பிரித்த மார்சியோனைத் திருச்சபை இரண்டாம் நூற்றாண்டிலேயே கண்டித்தது. பெயரில்லாத, அன்பில்லாத, சோதனைச் சாலையில் ஆராயத்தக்க ஒரு ‘காரணத்தை’ நாம் ஆராதிப்பதில்லை.

மேலும், விஞ்ஞானக் கொள்கை என்பது நாளை மாறக்கூடியது. புதிய சான்று வந்தால் விஞ்ஞானி தம் கருத்தைத் திருத்திக்கொள்வார். அது அவருடைய நேர்மை. கடவுளை அந்தப் பட்டியலில் ஒரு கொள்கையாகச் சேர்த்தால், அவரையும் தேர்வுத் தாளில் சரி, தவறு போடும் பொருளாக்கிவிடுவோம். பெல்ஜியம் நாட்டுக் குருவானவர் ஜார்ஜ் லெமேத்ர் இதை நன்றாக அறிந்திருந்தார். பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927-இல் எழுதியவர். அது மிக நுண்ணிய ஒரு தொடக்கத்திலிருந்து விரிந்தது என்று 1931-இல் சொன்னவர். அதைப் படைப்புக்கு நிரூபணமாகக் காட்டுவதை அவர் விரும்பவில்லை. தம் கொள்கை மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்று வற்புறுத்தினார். காலையில் பூசை வைத்தவர்தான். அதனால் கணக்கைக் கணக்காகவே செய்தார்.

இரண்டாவது: வேதாகமம் தவறாக வாசிக்கப்படுகிறது. தொடக்க நூல் என்று இன்று நாம் சொல்லும் ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களையும் வீட்டில் சேர்த்து வாசித்துப் பாருங்கள். முதல் அதிகாரத்தில் செடிகொடிகளும் விலங்குகளும் தோன்றியபின் கடைசியில் மனிதன் வருகிறான். இரண்டாம் அதிகாரத்தில் வயலில் புதர்கூட முளைக்குமுன் மனிதன் உருவாகிறான். முதல் நாளில் ஒளி. நான்காம் நாளில்தான் சூரியன். இதைத் தொகுத்தவர்களுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தே இரண்டையும் அருகருகே வைத்தார்கள். ஏனெனில் அவர்கள் எழுதியது நாள்குறிப்பு அன்று, சத்தியம். சூரியனையும் சந்திரனையும் தெய்வங்களாகக் கும்பிட்ட மக்கள் சூழ்ந்திருந்த காலத்தில், அவை கடவுள் ஏற்றி வைத்த விளக்குகளே என்று துணிந்து சொன்ன நூல் அது. அரசன் மட்டுமே தெய்வச் சாயல் என்று பிற நாட்டார் சொன்னபோது, ஆணும் பெண்ணுமாக ஒவ்வொரு மனிதரும் கடவுளின் சாயல் என்று சொன்ன நூல் அது. இவ்வளவு பெரிய செய்தியை விட்டுவிட்டு, அதைப் பாறை அடுக்குக் கணக்காக்குவது வேதாகமத்துக்கு மரியாதையா?

ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் புனித அகுஸ்தீனார் ஆதியாகம விளக்கத்தில் நம்மை எச்சரித்திருக்கிறார். வானத்தையும் பூமியையும் விலங்குகளையும் பற்றி நன்கறிந்த அவிசுவாசி ஒருவர் முன், கிறிஸ்தவர் ஒருவர் வேதாகமத்தின் பெயரால் தவறாகப் பேசினால், கேட்பவர் நம் வேதத்தையே நகைப்பார். பிறகு உயிர்த்தெழுதலையும் நித்திய வாழ்வையும் பற்றி அதே வேதம் சொல்வதை அவர் எப்படி நம்புவார் என்பது அவர் கருத்து. டார்வினுக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியது இது!

மூன்றாவது: பிள்ளையின் விசுவாசம் ஆபத்துக்குள்ளாகிறது. எனக்கு எல்லாவற்றிலும் பெரிய கவலை இதுவே. இரண்டு பாடங்களை அருகருகே வைத்து, இதுவா அதுவா என்று கேட்டால், பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் செய்யும். பத்து வயதில் அம்மாவுக்காகப் படைப்பைத் தேர்ந்தெடுக்கும். இருபது வயதில் கல்லூரிச் சோதனைச் சாலையில் சான்றுகளைக் கண்ணால் காணும். அன்று அது பரிணாமத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு நின்றுவிடாது. ‘அப்படியானால் கோயிலில் சொன்னதெல்லாம் பொய்’ என்று விசுவாசத்தையும் சேர்த்து எறிந்துவிடும். இல்லாத சண்டையை நாமே மூட்டி, அந்தச் சண்டையில் நம் பிள்ளைகளையே இழக்கலாமா?

திருச்சபை சொல்வது என்ன?

திருச்சபையின் போதனையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டார்வினின் அந்த நூலைத் திருச்சபை தனது தடைநூல் பட்டியலில் ஒருபோதும் சேர்க்கவில்லை. 1893-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர், வேதாகம ஆசிரியர்கள் இயற்கைப் பொருள்களின் உள்ளமைப்பை நமக்குக் கற்பிக்க எண்ணவில்லை என்று தெளிவுபடுத்தினார். 1950-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், மனித உடல் முன்பிருந்த உயிருள்ள பொருளிலிருந்து வந்ததா என்பதை அறிஞர்கள் ஆராயத் தடையில்லை என்றார்; ஆனால் ஆன்மாவை இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்பதை நாம் பற்றிக்கொள்ள வேண்டும் என்றார். 1996-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று அறிவித்தார். 2014-இல் திருத்தந்தை பிரான்சிஸ், கடவுள் மந்திரக்கோல் ஏந்திய மாயவித்தைக்காரர் அல்லர் என்று சொன்னார்.

ஆகவே நாம் எல்லை காப்பவர்கள். விஞ்ஞானியும் எல்லை காக்க வேண்டும். உயிரினம் எப்படி மாறிவந்தது என்று சொல்ல ஆசிரியருக்கு உரிமை உண்டு. ‘ஆகவே கடவுள் இல்லை, மனிதனுக்கு ஆன்மா இல்லை’ என்று சொன்னால், அவர் விஞ்ஞானத்தை விட்டு வேறெங்கோ போய்விட்டார். அதை எந்த நுண்ணோக்கியும் அவருக்குக் காட்டவில்லை.

இன்னொரு வகைத் தவறும் உண்டு. 2023-இல் மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு விஞ்ஞான நூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியது. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். நம் மக்களில் சிலர் அன்று மகிழ்ந்தார்கள். நான் மகிழவில்லை. பிள்ளை அறியாமல் இருப்பதனால் விசுவாசம் வளராது.

நாம் செய்ய வேண்டியது

ஓர் உதாரணம் சொல்லி முடிக்கிறேன். உங்கள் குழந்தை பிறந்தபோது நகராட்சியில் ஒரு பிறப்புச் சான்றிதழ் வாங்கினீர்கள். எந்த நாள், எந்த ஆஸ்பத்திரி, ஆணா பெண்ணா, பெற்றோர் யார் என்று அதில் இருக்கும். பிறகு குழந்தையைக் கோயிலுக்குத் தூக்கிவந்தீர்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் அக்குழந்தை இறைவனின் பிள்ளையாக எழுதப்பட்டது. ஐம்பது ஆண்டுப் பதிவேடுகள் நம் பங்கு இல்லத்து அலமாரியில் இருக்கின்றன. இரண்டும் ஒரே குழந்தையைப் பற்றியவை, இரண்டும் உண்மை. ஞானஸ்நானத்தையும் உங்கள் ஏட்டில் எழுதுங்கள் என்று யாரும் நகராட்சியில் போய்ச் சண்டை போடுவதில்லை. பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதே, ஞானஸ்நானம் எதற்கு என்றும் நாம் கேட்பதில்லை.

பெற்றோரே, படைப்பைக் கற்பிக்கும் வேலை உங்களுடையது, என்னுடையது, நம் ஞானோபதேச ஆசிரியர்களுடையது. அதை விஞ்ஞான ஆசிரியர் தலையில் கட்டிவிட்டு நாம் ஓய்ந்திருக்க முடியாது. உங்கள் பிள்ளை எத்தனை ஞாயிறு மறைக்கல்விக்கு வருகிறது? இரவில் அதோடு அமர்ந்து ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை ஒரு முறையாவது வாசித்தீர்களா? நீ தற்செயலாக வந்தவன் அல்லன், இறைவன் உன்னை விரும்பிப் படைத்தார் என்று அதன் காதில் சொன்னீர்களா? இதை எந்தப் பள்ளிக்கூடமும் உங்களைப்போல் சொல்ல முடியாது.

ஞானோபதேச ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். டார்வினைக் கேலி செய்து பாடம் நடத்தாதீர்கள். கேள்வி கேட்கும் பிள்ளையை அவிசுவாசி என்று அதட்டாதீர்கள். பதில் தெரியாவிட்டால் என்னிடம் அனுப்புங்கள்.

இளைஞர்களே, விஞ்ஞானத்தை அஞ்சாமல் படியுங்கள். மரபியலுக்கு அடித்தளம் இட்ட கிரகோர் மெண்டல் மடத்தில் வாழ்ந்த துறவி. மடத்துத் தோட்டத்துப் பட்டாணிச் செடியில் அவர் கண்டதை 1865-இல் உலகுக்குச் சொன்னார். உண்மை எதுவும் உண்மையின் ஆண்டவருக்கு எதிராகாது என்ற நம்பிக்கை உள்ளவன்தான் இவ்வளவு பொறுமையாகச் செடியை எண்ண முடியும். உங்களிலிருந்தும் அப்படி ஒருவர் எழ வேண்டும் என்பது இப்பொன்விழா ஆண்டில் என் ஜெபம்.

விண்ணையும் மண்ணையும் படைத்த இறைவன், நம் பிள்ளைகளுக்குத் தெளிந்த அறிவையும் அசையாத விசுவாசத்தையும் சேர்த்தே தந்து, உங்கள் குடும்பங்கள் அனைத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.